சாலைக்கு அந்தப் பக்க ஹோட்டல்

சலைனா ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் நானும் வெல்டா கோயனும் பதினொரு வருடமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். அவள் தலைமைச் சமையல்காரி. நான் காய் நறுக்கவும் தட்டு கழுவவும் இருக்கிறேன். நானூறு பிள்ளைகளுக்கு பீன்ஸும் கொத்துக்கறியும் போட்டு சில்லி கிளறிக்கொண்டே, எந்த ஆசிரியை புதுக் கார் வாங்கினாள், யார் வீட்டுப் பையனுக்கு எங்கே வேலை கிடைத்தது என்று அவள் விசாரித்துக்கொண்டிருப்பாள். விஷயம் தெரிந்ததும் துடுப்பு வேகமாகச் சுழலும். கெட்டவள் என்று சொல்ல முடியாது. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் சூப்போடு போய் நிற்பவள் அவள்தான். கஷ்டத்தில் இருப்பவர்களோடு அவளால் அருமையாகப் பழக முடியும். நன்றாக இருப்பவர்களோடுதான் சிரமம்.

அந்தச் சிரமத்தில் பெரும்பங்கு பக்கத்து வீட்டு லவோன் டெக்கரால் வந்தது. ஒரே கட்டடம், ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இடது பாதி வெல்டாவுக்குச் சொந்தம், வலது பாதி லவோனுக்கு. இருபத்திரண்டு வருடம் அப்படி இருந்தார்கள். லவோன் ஒரு பல் டாக்டரிடம் முன்மேசையில், வருகிறவர்களை வரவேற்கும் வேலையில் இருந்தாள். இரண்டு கணவர்களை அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தாலும் முகத்தில் ஒரு வாட்டம் கிடையாது. சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும். ஒரே மண், ஒரே தண்ணீர், ஆனால் அவள் பக்கத்துத் தக்காளிதான் கைக்கு அடங்காமல் காய்க்கும். சர்ச் குலுக்கலில் கையால் தைத்த போர்வை இரண்டு தடவை அவளுக்கே விழுந்தது. வெல்டாவின் கணவர் எல்டன் வீட்டில் வாய் திறக்காத மனிதர். அவர் இறப்பதற்கு முந்தைய கோடையில், முன்வாசலில் லவோன் சொன்ன ஏதோ ஒரு வேடிக்கைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதை உள்ளேயிருந்து வெல்டா பார்த்தாள். என்ன வேடிக்கை என்று கடைசிவரை அவள் கேட்கவில்லை. ஆறு வருடம் கழித்து என்னிடம் சொல்லும்போதும் அவள் கழுத்து சிவந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடித்த புயல்காற்றில், பின்பக்கம் நின்ற பெரிய காட்டன்வுட் மரம் வேரோடு சாய்ந்தது. சாய்ந்த மரம் யாருக்கும் பாரபட்சம் பார்க்கவில்லை. நடுச்சுவரின் மேலேயே விழுந்து இரண்டு பாதிகளையும் பிளந்தது. இருவரும் வேலையில் இருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு இருவரும் அழுதார்கள். நானும் அங்கே இருந்தேன். அன்றைக்கு வெல்டா உண்மையாகவே லவோனுக்காகவும் சேர்த்துத்தான் அழுதாள்.

மறுநாள் இருவரும் தத்தம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். அங்கேதான் பாதை பிரிந்தது. முன்பெல்லாம் இருவரும் ஒரே கம்பெனி. சில வருடங்களுக்கு முன் வெல்டா விலை குறைந்த வேறொன்றுக்கு மாறினாள். மாறியதோடு நிற்காமல், "நீ ஒரு ஏமாளிடி, காசைக் கொண்டுபோய்க் கொட்டிக்கிட்டிருக்க" என்று லவோனைப் பல தடவை இடித்தும் காட்டியிருக்கிறாள். இப்போது வெல்டாவின் கம்பெனி, வீடு சரியாகும்வரை தங்க என்று, நெடுஞ்சாலை ஓரத்தில் மாதக்கணக்கில் ஆட்கள் தங்கும் மலிவு ஹோட்டல் ஒன்றில் அறை போட்டுக் கொடுத்தது. லவோனின் கம்பெனியும் அதே இடத்தில்தான் போட்டுக் கொடுத்தது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம்.

வெல்டாவின் ஹோட்டல் பலகையில் "சூட்" என்று பெரிதாக எழுதியிருந்தது. சூட் என்றால் தனித்தனி அறைகள் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். 116-ஆம் அறையைத் திறந்தால் ஒரே அறை. கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புதான் சூட். மூலையில் இரண்டு அடுப்பு, ஒரு தொட்டி, லாரி மாதிரி உறுமும் ஒரு குளிர்பெட்டி. கம்பளத்தில் பழைய சிகரெட் வாடை, அதன்மேல் ஸ்ட்ராபெர்ரி வாசனைத் தெளிப்பு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்குக் கீழே யாரோ ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சமைக்கப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. முன்மேசைக்குப் போனாள். மேலாளர் பெயர் ராய்ஸ். களைத்த முகம், மரியாதையான பேச்சு.

"பாத்திரப் பெட்டி குடுப்பீங்களாமே?"

"மொத்தமே ஆறு பெட்டிதாங்க. ஆறும் வெளிய போயிருக்கு. யாராவது ரூமை காலி பண்ணினா வரும்."

"எப்ப காலி பண்ணுவாங்க?"

"சொல்ல முடியாதுங்க. சில பேரு ரெண்டு வருஷமா இருக்காங்க."

"உங்க படத்துல அடுப்புமேல நாலு பாத்திரம் பளபளன்னு இருந்துச்சே?"

"அது படங்க."

துண்டு மாற்றுவது புதன்கிழமை மட்டும். பழையதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புதியது. அறை கூட்டுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எதைக் கேட்டாலும் ராய்ஸிடம் ஒரே பதில்: "கம்பெனி விதிங்க." சிதைந்த வீட்டுக்குள் போக அனுமதி கிடைத்ததும் அவள் தன் சொந்த இரும்புச் சட்டியை எடுத்து வந்தாள். முதல் நாள் வெங்காயம் வதக்கினாள். கூரையில் இருந்த புகைக் கருவி அலறியது. நடையில் அத்தனை கதவும் திறந்தன. ராய்ஸ் ஒரு துண்டை விசிறிக்கொண்டே ஓடிவந்தார்.

"மேடம், இங்க சூடு பண்ணலாம். வதக்கறது கூடாதுங்க."

நானூறு பேருக்குச் சமைப்பவள் அன்றிலிருந்து டப்பா சூப்பைச் சூடு பண்ணிக் குடித்தாள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவளால் பொறுக்க முடியாதது ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே லவோனின் ஹோட்டல். வாசலில் பூத்தொட்டி, கண்ணாடிக் கதவு, பக்கவாட்டில் வேலிக்குள் நீல நிறத்தில் நீச்சல் குளம். திரையை மூடினாலும் அது அங்கே இருக்கிறது என்பது தெரிகிறதே!

முதல் ஞாயிறு லவோன் கூப்பிட்டாள்.

"வாடி வெல்டா, காலைல இங்க வந்து சாப்பிடு. யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க, நான் பேசி வெச்சுட்டேன்."

"நீ பேசி வெக்காத ஆளு இந்த ஊர்ல யாரு இருக்கா?"

போனாள். மாவு ஊற்றி வாஃபிள் சுடும் இரும்பு அச்சு, சூடான முட்டை, மூன்று வகைப் பழச்சாறு, தட்டுத் தட்டாக வறுத்த பன்றி இறைச்சி. முன்மேசைப் பெண் லவோனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுடச்சுட, பன் மாதிரி மெத்தென்ற பிஸ்கட் கொடுத்தாள். வெல்டா இரண்டு வாஃபிள் சாப்பிட்டாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் லவோன்.

"மாவுல உப்பு கம்மி."

"ஆனா இங்க ஒரு தொல்லைடி. கட்டில்ல ஆறு தலையணை! படுக்கறதுக்கு முன்னாடி அதையெல்லாம் தூக்கிப் போடறதே ஒரு வேலையா இருக்கு."

"ஐயோ பாவம். எப்படித்தான் சமாளிக்கிறியோ? எனக்கு ஒண்ணுதான். அதுவும் காஞ்ச ரொட்டி மாதிரி."

மறுநாள் லவோன் இரண்டு தலையணைகளைக் கையில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்து கொடுத்தாள். கிண்டல் என்று நினைத்து வெல்டா அவள் முகத்தைத் துருவிப் பார்த்தாள். கிண்டல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். பழைய இன்சூரன்ஸ் பேச்சைக்கூட லவோன் ஒருமுறையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். வெல்டா அந்தத் தலையணைகளைத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாக என்னிடம் சொன்னாள். கொடுக்கவில்லை. அதில்தான் தூங்கினாள்.

செப்டம்பர் போயிற்று. இரண்டு பாதிக்கும் ஒரே காண்ட்ராக்டர், ஹார்லன் என்று ஒருவர். லவோனின் கம்பெனி முதலில் ஒப்புதல் கொடுத்துவிட்டது, அதனால் வேலை அவள் பக்கம் முதலில் தொடங்கியது. பள்ளி விட்டதும் வெல்டா தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் காரை ஓட்டுவாள். வலது பாதியில் புது மரச்சட்டங்கள், பிறகு புதுக் கூரை. இடது பாதியில் நீலத் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். ஒரே கட்டடத்துக்குப் பாதி முகம் சவரம் பண்ணியது போல இருந்ததாம்.

"சமையலறைக்கு கல் மேடை போடறாங்களாம்," என்றாள் லவோன் ஒரு ஞாயிறு. "அடி அலமாரியெல்லாம் மொத்தமா புதுசு. எனக்கு நம்பவே முடியலை."

"கல்லு சில்லுனு இருக்கும். குளிர்காலத்துல கை விறைச்சுப் போகும்," என்றாள் வெல்டா. அன்று அவள் வாஃபிள் சாப்பிடவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, குளிர்கோட்டு எடுப்பதற்காக அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் கையில் அட்டையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். லவோனின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆய்வாளர், மிஸ் ஹால்வர்சன்.

"பக்கத்து வீட்டுல இருக்கறவங்க நீங்கதானா? டெக்கர் மேடத்தோட சமையலறை மரம் விழறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? அலமாரி எல்லாம் நல்லா இருந்துச்சா?"

நல்லாத்தான் இருந்துச்சு என்று சொல்ல வாயெடுத்தாளாம். அந்த நேரம் பார்த்து ஹார்லனின் ஆட்கள் இரண்டு பேர் லவோன் பக்கத்துக்கு ஒரு பளபளப்பான குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"போன குளிர்காலத்துல தொட்டிக்கு அடியில குழாய் வெடிச்சுதுங்க," என்றாள் வெல்டா. "தண்ணி நின்னு அடி அலமாரியெல்லாம் ஊறிப்போச்சு."

"அப்படியா? அப்ப அது பழைய சேதமா?"

"எனக்கென்னங்க தெரியும். பாத்ததைச் சொன்னேன்."

சொன்னது பொய் இல்லை. ஆனால் அது பாதி. மார்ச் மாதமே மெர்ல் என்ற குழாய்க்காரர் வந்து எல்லாவற்றையும் மாற்றி, அடி அலமாரிகளுக்குப் புதுப்பலகை போட்டு முடித்திருந்தார். அன்று தொட்டிக்கு அடியில் மெர்ல் படுத்திருக்க, பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் பிடித்தவளே வெல்டாதான். அந்தப் பாதியை அவள் விழுங்கிவிட்டாள். ஹால்வர்சன் அட்டையில் எழுதுவதைப் பார்த்தபடி கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றாள். "தப்புன்னு தெரியும். ஆனா சொல்றேன், ஒரு நிமிஷம் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்று என்னிடம் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை லவோனின் போன் வந்தது. விசாரணை முடியும்வரை சமையலறை வேலையை நிறுத்திவிட்டார்கள், நல்ல ஹோட்டலையும் நிறுத்திவிட்டார்கள். அதுவரை தங்க அவளுக்கு ஒதுக்கியது வெல்டா இருக்கும் ஹோட்டல். அறை எண் 118.

மாலை நான்கு மணிக்கு லவோன் இரண்டு பெட்டியும் ஒரு மின்சார வறுவல் சட்டியுமாக வந்து இறங்கினாள்.

"பாரேன், மறுபடியும் பக்கத்துப் பக்கத்து வீடு!" என்று சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் காற்று இறங்கியிருந்தது. "எவனோ என் தொட்டி கதையைப் போட்டுக் குடுத்திருக்கான்டி."

"அட," என்றாள் வெல்டா.

முதல் இரண்டு நாள் வெல்டாவுக்குத் திருவிழா. லவோன் கம்பள வாடையைப் பற்றிப் புலம்புவாள், துண்டுக்கு வரிசையில் நிற்பாள், டப்பா சூப் குடிப்பாள் என்று காத்திருந்தாள். லவோன் புலம்பினாள், ஆனால் நடையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, வேடிக்கையாகப் புலம்பினாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அறைக்கதவை ஒரு செருப்பை வைத்துத் திறந்தே போட்டாள். பின்வரிசை அறைகளில் காற்றாலை நாட்ட வந்த ஆட்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். ஏழு வாரமாக அவர்கள் வெல்டாவுக்கு வழிவிட்டு நகர்ந்ததோடு சரி. லவோன் வந்த நான்காம் நாள் அவர்களில் ட்ரேஸ் என்ற ஒரு தடித்த ஆள், கார் நிறுத்தும் இடத்தில் கறி சுடும் அடுப்பைப் போட்டு, "லவோன் அக்கா, உங்களுக்கு எப்படி வேணும், நல்லா வெந்தா, அரை வேக்காடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் அங்கே கூட்டுச் சாப்பாடு. இரண்டு வருடமாகத் தங்கியிருந்தவர்கள் பாத்திரப் பெட்டியோடு வெளியே வந்தார்கள். ராய்ஸ்கூட ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் கையாலேயே 118-க்கு ஒரு மேஜை விளக்கு போயிற்று.

வெல்டா முன்மேசைக்குப் போனாள். "எனக்கும் ஒரு விளக்கு கேட்டிருந்தேனே, ஏழு வாரம் முன்னாடி?"

ராய்ஸ் தலையைச் சொறிந்தார். "நீங்க கேட்டப்ப விதி இருந்துச்சுங்க."

"இப்ப?"

"இப்பவும் இருக்கு. லவோன் மேடம் கேட்டப்ப எனக்கு ஞாபகம் வரலை."

அதைச் சொல்லும்போது வெல்டா என் முன்னால் ரொட்டி மாவை அடித்த அடியில் மேஜை ஆடியது. "என் ஓட்டை ஹோட்டல்லகூட அவ என்னைவிட நல்லா வாழறா. அதே வாடைதான், அதே கம்பளம்தான். எப்படி? நீயே சொல்லு, எப்படி?" வியாழக்கிழமைகளில் அவளையும் கூப்பிடத்தான் செய்தார்கள். போய் ஓரமாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கு சாலட்டில் கடுகு அதிகம் என்று சொல்லிவிட்டு வருவாள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் இருவரும் ஹோட்டலின் துணி துவைக்கும் அறையில் இருந்தார்கள். லவோன் ஒரு போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த மெர்லை நான் விடப்போறதில்லைடி. அவனைத் தவிர வேற யாரு சொல்லியிருப்பா? எனக்கும் அவனுக்கும் உனக்கும்தான் தெரியும். மார்ச்லயே சரி பண்ணிட்டேன்னு சொன்னா ரசீது கேக்கறாங்க, என்கிட்ட இருந்தது மரத்தோட போச்சு, போட்டுக் குடுத்தவன்கிட்டயே போய்க் கேக்கவா? டாக்டர்கிட்ட வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். சர்ச் சமையலறை வேலையை அவனுக்குக் குடுக்கறதா இருந்தாங்க, இப்ப வேண்டாம்னுட்டாங்க."

வெல்டாவின் கையில் ஒரு காலுறை இருந்தது. அதன் ஜோடியைத் தேடுவது போலக் கூடையைக் கிளறினாள். மெர்ல் அன்று தொட்டிக்கு அடியிலிருந்து எழும்போது தலையில் இடித்துக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்று அவளிடம் சொன்னது நினைவுக்கு வந்ததாம்.

"மெர்ல் இல்லை."

"வேற யாரு பின்ன? தொட்டியே எழுந்து போய்ச் சொல்லுச்சா?"

"நான்தான்."

லவோன் போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்தபடியே நின்றாள்.

"எப்ப?"

"உன் இன்சூரன்ஸ்காரம்மா வந்த சனிக்கிழமை. கேட்டாங்க. சொன்னேன்."

"மார்ச்ல சரி பண்ணினதையும் சொன்னியா?"

"இல்லை."

"மறந்துட்ட."

"இல்லை லவோன். ஞாபகம் இருந்துச்சு."

"ஏன்டி?"

"உனக்குக் கல் மேடை போடறாங்க, என் கூரைல இன்னும் தார்ப்பாய் அடிச்சுக்குது. வாரத்துல ஏழு நாளும் ஜன்னலைத் திறந்தா அந்த நீச்சல் குளம். நீ அதுல ஒரு நாள்கூட இறங்கலையே! ஒரே ஒரு நாள்கூட! இறங்கியிருந்தாலாவது..." அதற்கு மேல் என்ன சொல்ல வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாதுடி," என்றாள் லவோன்.

பாதி மடித்த போர்வையை மேஜையிலேயே போட்டுவிட்டு வெளியே போனாள். 118-இன் கதவு மூடியது. அதுவரை அந்தக் கதவு மூடி வெல்டா பார்த்ததில்லை.

அடுத்த நாள் வெல்டா முதலில் போனது மெர்லின் வீட்டுக்கு. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மெர்ல் நீள முகமுள்ள, அதிகம் பேசாத மனிதர். கேட்டு முடித்துவிட்டு உள்ளே போய் மார்ச் மாத ரசீதின் நகலை எடுத்து வந்து கொடுத்தார்.

"இதை இன்சூரன்ஸுக்கு அனுப்புங்க. சர்ச்ல யாருகிட்ட சொல்லணுமோ அதை நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

அன்றே, ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வெல்டா சமையலறைக் குழுவின் மேஜை முன்னால் போய் நின்றாள். "மெர்ல் யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லலை. லவோனைப் பத்திப் பாதியை மட்டும் சொன்னது நான். பொறாமைல சொன்னேன்." குழுத்தலைவி அவசரமாக ஒரு கேக் துண்டை நீட்டினாளாம், பேச்சை நிறுத்துவதற்கு. வெல்டா வாங்கவில்லை. மெர்லுக்கு வேலையைத் திருப்பிக் கொடுப்பதாக அவர்கள் வாயால் சொல்லும்வரை அங்கேயே நின்றாள். லவோன் நான்கு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ரசீதும், நடந்ததை எழுதிய கடிதமும் ஹால்வர்சனுக்குப் போயின. பத்து நாளில் விசாரணை முடிந்தது. அந்தப் பத்து நாளும் லவோன் பேசவில்லை. வியாழக்கிழமை கூட்டுச் சாப்பாடு நடந்தது, யாரும் 116-இன் கதவைத் தட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். முன்பு அந்தச் சத்தம் அவள் வயிற்றை எரித்தது. இப்போதும் எரித்தது, ஆனால் கதவைத் திறந்துகொண்டு போய் ஒரு குறை சொல்லிவிட்டு வர வழி இல்லை.

பத்தாவது நாள் லவோன் பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். கம்பெனி மறுபடியும் நல்ல ஹோட்டலைக் கொடுத்திருந்தது. வெல்டா வாசலுக்கு வந்தாள்.

"கிளம்பறியா?"

"பின்ன? அங்க வாஃபிள் இருக்கு," என்றாள் லவோன். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வறுவல் சட்டியைப் பின் இருக்கையில் வைத்து இருக்கைப் பட்டியை மாட்டிவிட்டுக் காரை எடுத்தாள்.

அந்த வியாழக்கிழமை வெல்டா ஒரு முடிவோடு இருந்தாள். பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்த பிறகு, சொந்த மாவில், பட்டைப்பொடியும் சர்க்கரையும் தூவிச் சுருட்டி இரண்டு தட்டு சினமன் ரோலும் ஒரு பெரிய பானை சில்லியும் செய்தாள். நானும் கூட இருந்து உதவினேன். எங்கள் ஊரில் சில்லி என்றால் கூட சினமன் ரோல் வைத்தே ஆக வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் மேஜை போட்டு வைத்தாள். ட்ரேஸும் அவன் ஆட்களும் வேலையிலிருந்து வந்தார்கள்.

"ஓ, பிரமாதம்!" என்றான் ட்ரேஸ். "லவோன் அக்கா எங்க?"

வெல்டா சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

அவர்கள் நன்றாகவே சாப்பிட்டார்கள், நன்றியும் சொன்னார்கள். பிறகு ட்ரேஸ் ஒரு தட்டில் நான்கு ரோலை எடுத்து மேலே தாளைச் சுற்றி, "அக்காவுக்குக் குடுத்துட்டு வர்றேன்" என்று சாலையைக் கடந்தான். அவனோடு மற்ற ஏழு பேரும் போனார்கள். அரைமணி நேரம் ஆகியும் திரும்பவில்லை. வெல்டா பானையைச் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ராய்ஸ் மட்டும் மூன்றாவது ரோலை எடுத்துக்கொண்டு, "இங்க அடுப்புல செய்யலைதானேங்க?" என்று கேட்டார்.

லவோன் நவம்பர் கடைசியில் தன் பாதி வீட்டுக்குத் திரும்பினாள். வெல்டா அந்த ஹோட்டலில் இன்னும் மூன்று வாரம் இருந்தாள். கடைசி வாரத்தில் பாத்திரப் பெட்டி ஒன்று அவளுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு மூடி, ஒரு முள்கரண்டி, கைப்பிடி இல்லாத ஒரு சட்டி. டிசம்பர் மூன்றாம் வாரம் அறையைக் காலி செய்து வீட்டுக்குப் போனாள். அவளுக்கு வந்தது பழைய மாதிரியே தகர விளிம்பு வைத்த மேடை, வெளிர்மஞ்சள் சுவர். ஒழுங்கான வேலைதான். அவளால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை, அதுவே அவளுக்குக் குறையாக இருந்தது.

லவோன் தெருவில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சமையலறையைக் காட்டினாள். என்னையும் கூப்பிட்டாள். வெல்டாவைக் கூப்பிடவில்லை. பார்த்தால் தலையசைப்பாள். "எப்படி இருக்க?" என்றால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பாள். குழாய் வெடித்தால், முழங்கால் வலித்தால், மகள் போன் பண்ணாவிட்டால் நேராக வந்து கொட்டுகிறவள், இப்போது அந்த மூன்று வார்த்தையோடு கதவைச் சாத்திக்கொண்டாள். வெல்டா சமையலறையில் என்னிடம் அதை இரண்டு மூன்று தடவை சொன்னாள். அவளுக்கு வேறு யாரிடமும் அப்படி ஒரு பேச்சுத்துணை இருந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜனவரியில் பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை காலை, வெல்டா வெறுங்கையோடு போய் லவோனின் கதவைத் தட்டினாள். லவோன் திறந்தாள்.

"என்ன?"

"உன் மேடையைப் பாக்கணும்."

"எதுக்கு?"

"ஊரே பாத்துடுச்சு. நான் மட்டும்தான் பாக்கலை."

பனிக்காற்று உள்ளே வருகிறதே, சீக்கிரம் கதவைச் சாத்தலாம் என்றுதான் லவோன் அவளை உள்ளே விட்டிருக்க வேண்டும். வெல்டா பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சாம்பல் நிறக் கல், நடுநடுவே வெள்ளை வரிகள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேற்கூரை வரை தெறித்தது. உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். சில்லென்று இருக்கும், கை விறைத்துப் போகும் என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

"எனக்கு வயிறு எரியுது லவோன்," என்றாள்.

"தெரியும்."

"கொஞ்சநஞ்சம் இல்லை. பத்திக்கிட்டு எரியுது. இது என் வீட்டுல இருக்க வேண்டியதுன்னு தோணுது."

லவோன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தெருமுனைக்குக் கேட்கும் அந்தச் சிரிப்பு வந்தது, மூன்று மாதம் கழித்து.

"இதை முதல்லயே என்கிட்ட வந்து சொல்லியிருந்தா என்னடி? ஹோட்டல்லயே வந்து, லவோன், உன் வாஃபிளைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருதுன்னு சொல்லியிருந்தா, அந்த மேஜைலயே சிரிச்சு முடிச்சிருப்போம்."

"வாய் வரலை."

"இப்ப வந்துச்சாக்கும்." அவள் காப்பி மெஷின் பக்கம் திரும்பினாள். "காப்பி குடிக்கிறியா?"

"குடு. அந்த மெஷினும் புதுசா?"

"புதுசுதான்."

"நாசமாப் போக," என்றாள் வெல்டா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. லவோன் இன்றைக்கும் வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டுதான் அவளிடம் பேசுகிறாள். அது வெல்டாவுக்கும் தெரியும், கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் பொறாமையை மென்று விழுங்கும் பழக்கத்தை அவள் விட்டுவிட்டாள். போன வாரம் நான் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பானைக்கு அந்தப் பக்கமிருந்து என்னை ஒரு நிமிடம் முறைத்துவிட்டு, "உனக்கு நல்லா இருக்கு. எனக்குப் பிடிக்கலை," என்று சொல்லிவிட்டு மறுபடியும் சில்லியைக் கிளற ஆரம்பித்தாள்.